ஆயிரத்து இருநூறு பைகளும் ஒரு பொய்யும்

"இந்தப் பை எந்த நாட்டுல செஞ்சது?"

"எங்க நாட்டுலதான், மேடம். எங்க பட்டறையில. பதினாறு மெஷின், பதினாறு பொம்பளைங்க. கேட்டா ஒவ்வொருத்தி பேரையும் சொல்றேன்."

"பேரெல்லாம் வேணாம். இதை வாசிங்க."

எல்லைச் சாவடியில் பக்கத்து நாட்டுச் சுங்க அதிகாரி பள்ளிப் பையின் வாயைப் பிளந்து, உள்ளே தைத்திருந்த சிறு துணி லேபிளை விரலால் நிமிர்த்திக் காட்டினார். பைக்காரம்மா குனிந்து வாசித்தார். கடல் தாண்டி இருக்கும் ஒரு பெரிய நாட்டின் பெயரைப் போட்டு, அங்கே தயாரிக்கப்பட்டது என்று தங்க நூலில் எழுதியிருந்தது. லாரியின் மேல் நின்றிருந்த கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதை யார் தைக்கச் சொன்னது?"

"எப்பவும் தைக்கிறதுதானே அண்ணி? இது இல்லேன்னா நம்ம கடைவீதியில ஒருத்தனும் பையைத் தொட மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது நம்ம கடைவீதிக்குய்யா! எல்லை தாண்டற சரக்குக்கும் அதையே வச்சுத் தைப்பாங்களா?"

"வேணாம்னு நீங்க சொல்லலையே."

உண்மைதான், சொல்லவில்லை. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அந்த லேபிள் பழக்கம். பெண்களின் கை தானாகத் தைத்துவிட்டது.

மணி ஒன்றே கால். ஐந்து மணிக்கு எல்லைக் கதவைச் சாத்திவிடுவார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் மொத்த வியாபாரி தன் வண்டியோடு நின்றார். திங்கட்கிழமை அவர்கள் நாட்டில் பள்ளிக்கூடம் திறக்கிறது. இன்றைக்குச் சரக்கு கைக்கு வராவிட்டால் கப்பலில் வந்த பையை வாங்கிக்கொள்வேன் என்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். இந்த இரண்டையும் சேர்த்து அக்கம்பக்கத்து நாடுகள் ஏழு கூட்டமைப்பு வைத்து ஒப்பந்தம் போட்டிருந்தன. ஏழில் ஏதோ ஒன்றில் செய்த பொருள் என்றால் வரி கிடையாது. வெளியிலிருந்து வந்தது என்றால் விலையில் கால்வாசி வரி. அதைக் கட்டினால் கப்பல் பையைவிட இந்தப் பை விலை ஏறிவிடும், வியாபாரி தொடமாட்டார். பைக்காரம்மாவின் முதல் ஏற்றுமதி இது.

"சான்றிதழ் இருக்கே மேடம். வர்த்தகச் சபை கையெழுத்து, முத்திரை எல்லாம் பாருங்க."

"தாள் ஒண்ணு சொல்லுது, பை ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்பறது? போன மாசம் ஒருத்தர் இதே மாதிரித் தாளோட வந்தார். லாரி பூரா கப்பல்ல வந்த குடை. உங்க நாட்டு வழியா வரியில்லாம இங்க தள்ளப் பாத்தார். விட்டிருந்தா எங்க குடைக்காரங்க தலையில துண்டுதான்."

"நியாயம். ஆனா என்னை அந்த ஆளோட சேக்காதீங்க. நீங்களே ஏறி மூணு பை எடுங்க. அடியில இருந்தே எடுங்க. எனக்கு ஒரு பிளேடு மட்டும் கொடுங்க."

"எதுக்கு?"

"பையோட வயித்தைத் திறந்து காட்டத்தான்."

அதிகாரி லாரியில் ஏறி மூன்று மூலைகளிலிருந்து மூன்று பைகளை உருவினார். பைக்காரம்மா சிமெண்டுத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்துணியின் தையலைக் கண்ணி கண்ணியாகப் பிரித்தார். மடிப்புக்குள் இருந்த துணியோரம் வெளியே வந்தது. அதில் நீல மையில் நெசவாலையின் பெயர், ஊர், நாடு. இரண்டாவது பையில் கடைசி மூன்று எழுத்துதான் வெட்டில் தப்பியிருந்தது. மூன்றாவதில் மறுபடியும் முழுசாக இருந்தது.

"ஆலைக்காரங்க துணியோரத்துல அச்சடிக்கிறது மேடம். உள்ளூர்த் துணின்னு தெரிஞ்சா கௌரவக் குறைச்சல்னு மடிச்சு உள்ள தள்ளிடுவோம். நல்ல வேளை, வெட்டி எறியலை."

"ஜிப்பு? கொக்கி?"

"அது கப்பல்ல வந்ததுதான், ஒளிக்கலை. தாள்ல நாலாவது வரி. பை விலையில அஞ்சுல ஒரு பங்கு. ஒப்பந்தம் அஞ்சுல ரெண்டு வரைக்கும் விடுது. எங்க நாட்டுல ஒரு நாள் ஜிப்பும் செய்வாங்க, அப்ப அதுக்குத் தனி லாரியில வரேன்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நாலாவது வரியைப் பார்த்தார். அதற்கு முந்தைய மூன்றையும் பார்த்தார்.

"பை உங்களுதுதான், ஒத்துக்கறேன். லேபிள் பொய். பொய்யை உள்ள விட முடியாது. அத்தனையையும் பிரிச்செடுங்க. மொட்டையா விட்டாலும் ஆகாது. எந்த நாட்டுப் பொருள்னு பையிலயே இருக்கணும், அது எங்க சட்டம்."

"ஆயிரத்து இருநூறு பை மேடம்!"

"மணி ரெண்டுகூட ஆகலைம்மா."

"ஐயோ," என்றான் கொழுந்தன்.

"ஐயோவெல்லாம் அப்புறம். பின்னால வரிசையில நிக்கிற டிரைவருங்களைக் கூப்பிடு."

அதற்குள் முட்டை லாரிக்காரரே இறங்கி வந்துவிட்டார். "ஏம்மா, நீங்க நகந்தாத்தானே நாங்க நகர முடியும்? என் வண்டியில முட்டை. இப்படியே நின்னா குஞ்சாத்தான் இறக்கணும்."

"குஞ்சுக்கு வேற சான்றிதழ் கேப்பாங்கண்ணே. பிளேடைப் பிடிங்க."

நான்கு டிரைவர்கள் சேர்ந்தார்கள். முதல் ஐம்பது பைக்குள் இரண்டு விரல்கள் கீறின. அப்புறம் கை படிந்தது. பைக்காரம்மா பிரித்த மூன்று பைகளையும் கைத்தையல் போட்டு மூடிவிட்டு, தாள்களில் குத்துவதற்காகக் கொண்டுவந்திருந்த பட்டறையின் ரப்பர் முத்திரையை எடுத்தார். அதில் பட்டறைப் பெயரும் நாட்டின் பெயரும் இருந்தன. லேபிள் போன ஒவ்வொரு பையின் உள்ளேயும் ஓங்கி ஒரு குத்து. அறுநூறாவது பையில் மை வறண்டது. அதிகாரி தன் மேசையிலிருந்த மைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இந்த மை கூட்டமைப்புக்குள்ள செஞ்சதுதானே மேடம்?" என்றான் கொழுந்தன்.

"வாயை மூடிட்டுப் பிரிப்பா."

நாலே முக்காலுக்கு லாரி எல்லையைத் தாண்டியது. மொத்த வியாபாரி முதல் பையை எடுத்து உள்ளே கைவிட்டுத் துழாவினார். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? மாதிரிப் பையில தங்க நூல் லேபிள் இருந்துச்சே! வெளிநாட்டுப் பைன்னாத்தான் எங்க ஜனம் கை வைக்கும்."

"முத்திரையில எந்த நாடு போட்டிருக்கு?"

"உங்க நாடு."

"அது உங்களுக்கு உள்நாடா?"

வியாபாரி லாரி வந்த வழியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"இறக்குங்கப்பா, இறக்குங்க. அடுத்த லோடுலயாவது முத்திரையைக் கொஞ்சம் நேராக் குத்துங்கம்மா. தலைகீழா இருக்கு."