பெயர் அழித்த முகம்

ஆஸ்பத்திரிக்காரர்கள் பெயரை அழித்தார்கள், வயதை அழித்தார்கள், முகத்தை மட்டும் அழிக்காமல் கோட்டை விட்டுவிட்டார்கள். இன்ஜினியரிங் பிள்ளைகள் பாடம் படிக்கப்போகும் பழைய சி.டி. ஸ்கேன்தானே என்ற அலட்சியம், வேறென்ன!

"இப்போ எலும்பு மட்டும்தான் தெரியும். அந்த அடர்த்தி அளவைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, தோல் வரும்," என்றாள் பாடம் நடத்திய மேடம்.

திரை நன்றாகத் தெரிய கம்ப்யூட்டர் லேபில் விளக்கை அணைத்திருந்தார்கள். மண்டையோட்டின்மேல் புகை மாதிரி ஏதோ படிந்தது. மூக்கு வந்தது, உதடு வந்தது. ஸ்கேனில் முடி விழாது, அதனால் மொட்டைத் தலை. எல்லோருக்கும் ஒரே ஸ்கேன் என்பதால் திரைக்குத் திரை அதே முகம் முளைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சுற்றியது.

"கண்ணை மூடிக்கிட்டே நம்மளைப் பாக்குதுடி," என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் சிரித்துக்கொண்டேதான் குனிந்து பார்த்தாள். இடது காது திரும்பி வந்தது. மேல் ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. சின்ன வயதில் நாய் பிய்த்த காது.

அவளுடைய தம்பி. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு செருப்புகூட மாட்டாமல் போனவன். இரண்டு வருஷமாக ஒரு தகவல் இல்லை. எல்லோரும் கைவிட்ட பிறகும், அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று அம்மா மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள்.

அப்புறம்தான் உறைத்தது. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள் என்றால் நோயாளி! வைத்தியம் நடந்திருக்கிறது! தலைகால் புரியாமல் வராந்தாவுக்கு ஓடி போன் போட்டாள்.

"அம்மா, தம்பி இருக்கான்மா! ஏதோ ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்திருக்காங்க. விசாரிச்சா ஆளைப் பிடிச்சிடலாம்."

அம்மா ஓவென்று அழுதாள். "நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல? இரு, இதோ கிளம்பிட்டேன்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது மேடத்துக்கு. என்ன வியாதி என்று பார்த்துவிட வேண்டுமே! உள்ளே வந்து, தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டிப் பையனின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெஞ்சுப் பக்கம் இறக்குப்பா."

இறக்கினான். "மேடம், சூப்பர்! மத்த ஸ்கேன்ல எல்லாம் இதயத்தோட ஓரம் கலங்கலாத்தானே இருந்துச்சு? இதுல கோடு போட்ட மாதிரி இருக்கு. மூச்சை நல்லா அடக்கிட்டாரு போல!"

மூச்சை அடக்கலாம். இதயத்தை யாரால் அடக்க முடியும்? இந்த மாதிரிப் பழைய மெஷினில், துடிக்கிற இதயம் கலங்காமல் விழவே விழாது. சாவுக்குக் காரணம் தேடிப் பிணத்தையும் ஸ்கேன் எடுப்பார்கள். போன வாரம் அவளே நடத்திய பாடம் அது. வந்த சந்தோஷத்தில் பாவி, அதை மறந்துபோனாள்.

போன் அடித்தது.

"வண்டியில ஏறிட்டேன்டி. அவன்கிட்ட பேசுனியா? அம்மா எங்கேன்னு கேட்டானா?"

மேடம் கை நீட்டித் திரையை அணைத்தாள்.

"சொல்லேன்டி," என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.