இடது காது

எங்கள் நாய் செவலைக்குக் காது கேட்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்பதை ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வாய்க்காரி என்று ஊரில் பெயர் வாங்கியவள் நான். அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம். சங்கரன்கோவிலுக்கு மேற்கே இரண்டு மைலில் எங்கள் ஊர். கொஞ்சம் மானாவாரிக் காடு, அறுபது உருப்படி ஆடு. ஆட்டுப்பட்டிக்குக் காவல் செவலை. பேருக்கேற்ற செம்மண் நிறம், தொங்கு காது. குளத்தைக் கண்டால் விடாது. முங்கி எழுந்து ஈரக் காதோடு வந்து படுத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் பரமசிவன் ஒரு குரல் கொடுத்தால் காட்டின் எந்த மூலையிலிருந்தும் ஓடிவரும். என்னை அப்படிக் கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன், அது வேறு கதை.

அந்த ஆனி மாசம் அது வலது காதைக் காலால் பிறாண்ட ஆரம்பித்தது. தலையை உதறி உதறி மடல் தடித்துப்போனது. கிட்டே போனால் நாற்றம். மடலைத் தூக்கிப் பார்த்தால் கறுப்பாக அழுக்கு.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் போனபோது அம்மன் கோயிலில் புற்றுமண் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தேன். சொறி சிரங்கு என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் கை போவது அதற்குத்தான். நெற்றியில் இடுவோம், புண்ணில் குழைத்துப் போடுவோம், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம். மனுஷருக்குக் கேட்கிற மருந்து நாய்க்குக் கேட்காதா? கோயில் வாசலில், நேர்ந்துகொண்டு உண்டியலில் போடுகிற கண், கை, கால் உருவத்தகடு விற்கிறவரிடம் "நாய்க்காது இருக்கா?" என்றும் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு நாலு கடைக்குக் கேட்டிருக்கும். மனுஷக் காதையே ஒன்று வாங்கி உண்டியலில் போட்டேன்.

வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. டப்பாவைப் பார்த்ததுமே, "ஏட்டி கோமதி, மண்ணுல நோய் தீரும்னா ஆஸ்பத்திரியை இழுத்து மூடிறலாமே" என்று கிண்டலடித்தார். அதனால் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து, மண்ணை நல்லெண்ணெயில் குழைத்து வலது காதில் விட்டேன். மூன்று வெள்ளிக்கிழமை. மூன்றாம் முறை டப்பாவில் மண் பாதிதான் இருந்தது. என் கைதான் தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

உதறுவது குறைந்தது. அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று எனக்குப் பெருமை. பத்து நாள்கூட நிலைக்கவில்லை. கஞ்சி ஊற்றிவிட்டுக் கூப்பிட்டேன். எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்த நாய் அசையவே இல்லை. தட்டைத் தட்டினேன். பக்கத்தில் போய்த் தொட்டதும் துள்ளி எழுந்தது. நான் விட்ட மண் காதை அடைத்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

ஆவணிக் கடைசியில் பட்டிக்குள் நரி புகுந்து ஒரு குட்டியைத் தூக்கிப் போனது. குட்டியின் தாய் கத்திய கத்தலில் நாங்கள் ஓடினோம். செவலை பட்டி வாசலிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ராயகிரி தங்கப்பழம் அவன் தென்னந்தோப்புல கட்டிப்போட ஒரு நாய் கேட்டான். ஞாயித்துக்கிழமை வந்து பிடிச்சிட்டுப் போவான்."

ஓடித் திரிந்த நாயைத் தென்னையில் கட்டிப்போடுவதாம். செய்தது நான், சங்கிலி அதற்கு. சனிக்கிழமை அவர் ஆடு பத்திக்கொண்டு காட்டுக்குப் போனதும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன்.

டாக்டர் கேம்ப் போயிருந்தார். கம்பவுண்டர் செல்லப்பா அண்ணாச்சி இருந்தார். மாட்டை அதட்டுகிற குரலில்தான் மனுஷரிடமும் பேசுவார். டார்ச் அடித்து வலது காதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ள என்ன ஊத்துன?"

"ஒண்ணும் ஊத்தலையே அண்ணாச்சி."

"யம்மா, புழுதியில புரண்டா மண்ணு மேலோட நிக்கும். இது அடி வரைக்கும் கெட்டிச்சுப் போய்க் கெடக்கு. என்னதுன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். உண்மையைச் சொல்லு, இல்ல நாயைக் கூட்டிட்டுப் போ."

அம்மன் மண் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவளைக் குறை சொன்னதாகிவிடாதா? ஆனால் செவலை என் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. யார் என்ன செய்தார்கள் என்று அதற்கு என்ன தெரியும். சொல்லிவிட்டேன்.

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. எண்ணெயை வெதுவெதுப்பாக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டார். காதின் அடியைப் பிடித்து வெளியிலிருந்தே மெல்லப் பிசைந்தார். குச்சி, ஊக்கு எதையும் உள்ளே விடவில்லை. கொஞ்ச நேரம் ஊறவிட்டு, "தலையை விடு" என்றார். செவலை உதறிய உதறலில் சேறு சுவரிலும் அவர் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது. பஞ்சால் துடைத்தார். மறுபடி எண்ணெய், மறுபடி பிசைதல். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"நல்லவேளை, ஜவ்வு கிழியல" என்றவர், சும்மா பார்ப்பதுபோல் அடுத்த காதைத் தூக்கினார். டார்ச் அங்கேயே நின்றது.

"ஏம்மா, வலது காதுல மட்டுந்தான்னு சொன்னியே. இதுலயும் அதே மண்ணுல்லா இருக்கு?"

"அண்ணாச்சி, அந்த அம்மன் சத்தியமா நான் இடது காதைத் தொடலை."

"அப்போ மண்ணு தானா நடந்து போச்சா?"

"அது நான் போட்டது."

வாசலில் என் வீட்டுக்காரர். சைக்கிளைப் பிடித்தபடி, வேர்த்து வழிய நின்றுகொண்டிருந்தார். நாயைக் காணோம் என்று வழியெல்லாம் விசாரித்துத் தேடி வந்திருக்கிறார்.

"இடது காதையும் சொறிய ஆரம்பிச்சுது" என்று சைக்கிள் மணியைப் பார்த்துச் சொன்னார். "உன்னைக் கிண்டலடிச்ச வாயால உங்கிட்ட எப்படிக் கேக்க? நீ தண்ணிக்குப் போயிருந்தப்போ டப்பாவுல இருந்து எடுத்துப் போட்டேன். பெறவு அதுக்குக் காது அடைச்சுப்போச்சு. அது மூஞ்சியைப் பாக்க முடியலட்டி. அதான் தங்கப்பழத்துக்குச் சொல்லி விட்டேன்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரே வீட்டில், ஒரே டப்பாவிலிருந்து ஆளுக்கொரு காதை அடைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு மாதம் கஞ்சி குடித்திருக்கிறோம்.

"நல்ல ஜோடி" என்றார் செல்லப்பா அண்ணாச்சி. இடது காதையும் அதே நிதானத்தோடு சுத்தம் செய்து, சொட்டு மருந்து கொடுத்தார். "ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. விரல் போற தூரந்தான் நம்ம வேலை, அதுக்கு மேல ஒண்ணும் ஊத்தக் கூடாது. குளத்துல இறங்கி வந்தா மடலைத் தூக்கித் துணியால ஒத்தி எடுங்க. வாரம் ஒருக்கா உண்ணி இருக்கான்னு பாருங்க. நாத்தம் வந்தா இங்கன கூட்டிட்டு வாங்க. மண்ணை நெத்தியில பூசிக்கோங்க, அதை நான் வேண்டாம்ங்கல."

திரும்பி வரும்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். நான் கயிற்றோடு பின்னால்.

"நாளைக்குத் தங்கப்பழம் வந்தா?" என்றேன்.

"வந்தா மோர் குடிச்சிட்டுப் போட்டும். நீ கயித்தை அவுத்து விடு."

அவிழ்த்தேன். செவலை ரோட்டோரப் பனையடியில் மோந்துகொண்டே நின்றுவிட்டது. அவர் நூறடி போய்ச் சைக்கிளை நிறுத்தினார். திரும்பவில்லை. குரல் கொடுக்கப் பயந்தாரோ என்னவோ, வீட்டுக்குள் பேசுகிற குரலில், "செவலை" என்றார். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

தொங்கு காது இரண்டும் பறக்க, அது என்னைத் தாண்டி அவரிடம் ஓடியது. அவர் ரோட்டிலேயே குத்த வைத்து உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டார். சைக்கிள் சாய்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஏட்டி, அதுக்குக் காது கேட்டுட்டு" என்றார். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.