முதல் பந்தி எழுந்த நாள்

அந்தக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்தி உட்கார்ந்து எட்டு வருடம் ஆகிறது. இன்னும் எழுந்திருக்கவில்லை. மொத்தம் அறுநூறு பேர். அதனால் இரண்டாம் பந்திக்குச் சீட்டு வாங்கி ஏறுகிறவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. அவர்கள் ஒன்பதாம் தளத்தில் நின்றபடியே உப்புமா தின்றுவிட்டு, நான்கு நாள் கடலைப் பார்த்துவிட்டு, ஏறிய சென்னைத் துறைமுகத்திலேயே இறங்கிவிடுவார்கள். ஊருக்குப் போய், கப்பல் என்றால் அதுதான் கப்பல் என்று அளப்பார்கள். உப்புமாவைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார்கள்.

முதல் பந்தியில் ஜன்னலோரமாக இருபத்தேழாம் மேஜையில் இருந்தவர் கோவில்பட்டி சங்கரபாண்டியன். பெயிண்ட் கடைக்காரர். நன்றாக விற்ற கடைக்காரர்களைக் கம்பெனி கப்பலில் கூட்டிப்போனபோது அவரும் போனார். போன இடத்தில் சாப்பிட உட்கார்ந்தார். மாதம் ஒரு கார்டு ஒழுங்காக வரும். ‘நலம். சூப் முடிந்தது. இனி சாலட்.’ ‘நலம். கேக் வந்தது. அடுத்தது காப்பி. அதன் பிறகு மறுபடி சூப் என்கிறார்கள்.’ இடது கையால் எழுதியதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அவர் மனைவி செண்பகவல்லி அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காலண்டர் ஆணியில் குத்தி வைப்பாள்.

இடையில் மகள் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா எங்கே என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். “சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க” என்றாள் செண்பகவல்லி. அப்படியா, சாப்பிடட்டும், அவசரமில்லை என்று அவர்கள் தாம்பூலத்தை மாற்றிக்கொண்டார்கள். கடையை அவள்தான் நடத்தினாள். வெள்ளையில் மட்டும் முப்பது வகை வெள்ளை உண்டு என்று கற்றுக்கொண்டாள். எல்லாம் ஆயிற்று. ஆனால் மகளும் போன பிறகு தினமும் ஒற்றைத் தட்டு கழுவிக் கவிழ்ப்பது அவளுக்கு அலுத்துவிட்டது. அந்த மனுஷன் இல்லாமல் வீடு வீடாக இல்லை. போய் அழைத்துக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்து, தூக்குவாளியில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

அந்தக் கப்பலில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவைதான் ஏறலாம். ஆகவே அவளுக்கு இருந்தது நான்கே நாள். அதற்குள் அவர் எழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவள் பயப்படவில்லை. கல்யாண வீடுகளில் இடம் பிடிப்பதில் செண்பகவல்லியை அடித்துக்கொள்ள நான்கு தாலுகாவிலும் ஆள் கிடையாது. சொந்தக்காரர்கள் அவளை முன்னால் அனுப்பிவிட்டு நிம்மதியாக மொய் எழுதப் போவார்கள். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இலையை ஒரு பார்வை பார்ப்பாள். சாம்பார் என்றால் கால் மணி நேரம். ரசம் என்றால் ஏழு நிமிடம். ரசத்தில் இருக்கிறவர் அப்பளத்தை நொறுக்கினால் இன்னும் இரண்டு நிமிடம். கணக்குத் தப்பாது. இலை மடிவதும் அவள் கைப்பை நாற்காலியில் விழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

கப்பல் கிளம்பியதும், புதிதாக ஏறியவர்களை ஐந்தாம் தளத்தில் உட்கார வைத்துச் சாப்பாட்டு முறைகளை விளக்கினார்கள். விளக்கியவர் சாப்பாட்டுக் கூடத்தின் மேலாளர் ரொட்ரிகோ. தூத்துக்குடிக்காரர், கறுப்புக் கோட்டு, கழுத்தில் வில் மாதிரி முடிச்சுப் போட்ட டை.

“மேஜை நம்பர் சீட்டுல இருக்கும். கடைசி வரைக்கும் அதே மேஜை, அதே நாற்காலி, பரிமாறுறவரும் அவரேதான். அரைக்கால் சட்டையோட உள்ள வரக் கூடாது. ரெண்டாம் நாள் ஆம்பளைங்களுக்குக் கோட்டு, பொம்பளைங்களுக்குப் பட்டு. தனியா ஏதும் சாப்பாடு வேணும்னா இந்தப் படிவத்துல எழுதிக் குடுங்க. புதுசா ஏறுறவங்க எதைக் கேட்டாலும் செஞ்சு குடுக்கணும், அது கப்பல் சட்டம். இதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்டதில்ல.”

“நாங்க எப்ப உக்கார்றது?” என்று ஒருவர் கேட்டார்.

“முதல் பந்தி எந்திரிச்சதும்.”

“எப்ப எந்திரிப்பாங்க?”

“சாப்பிடுறவங்ககிட்ட அதைப் போய்க் கேக்க முடியுமா?” என்றார் ரொட்ரிகோ. கேட்க முடியாதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு உப்புமாவுக்கு வரிசையில் நின்றார்கள்.

செண்பகவல்லி நிற்கவில்லை. நேரே கூடத்துக்குப் போய், இருபத்தேழாம் மேஜையில் தெரிந்த பிடரியின் பின்னால் நின்றாள். பிடரி மயிர் நரைத்திருந்தது. சட்டைக் காலர் நைந்திருந்தது. அவர் திரும்பாமலே கேட்டார்.

“வந்துட்டியா செண்பகம்?”

“வந்துட்டேன்.”

“சாப்ட்டியா?”

“இன்னும் இல்ல. எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்.”

“பந்தி நடக்கும்போது நடுவுல எப்படி எந்திரிக்க? சுத்தி நாலு பேர் உக்காந்திருக்காங்க.”

அதில் தப்புச் சொல்ல அவளால் முடியவில்லை. நின்றாள். நிற்பதில் ஒரு வித்தை உண்டு. பார்வையை உட்கார்ந்திருப்பவர் தட்டின் விளிம்பில் வைக்க வேண்டும். தொண்டையைச் செரும வேண்டும், ஆனால் மூன்று தடவைக்கு மேல் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம், அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று பொதுவாக விசாரிக்க வேண்டும். இதற்கு எழாத மனிதரை அவள் கண்டதில்லை. இங்கே அறுநூறு பேரில் ஒருவர்கூட அசையவில்லை. சூப் போயிற்று, சாலட் வந்தது, மீன் வந்தது, கேக் வந்தது, காப்பி வந்தது, சூப் வந்தது.

இரண்டாம் நாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றாள். இலை படிக்கத் தெரிந்த கண்ணுக்கு அந்தத் தட்டுகள் பிடிபடவே இல்லை. ஒவ்வொரு தட்டும் பாதியில் இருந்தது. கால் கடுத்தது. சங்கரபாண்டியன் ஒரு ரொட்டித் துண்டை முதுகுக்குப் பின்னால் நீட்டினார். வாங்கித் தின்றாள். ‘உன் பிடிவாதம் பெரிசா, இந்தப் பந்தி பெரிசா, பார்த்துவிடுவோம்’ என்று தன்னைத் தானே உசுப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மீன் வந்த வேளையில்தான் அவள் அதைப் பார்த்தாள். மீனுக்குத் துணையாகச் சோறு வைத்தார்கள். சங்கரபாண்டியன் அதைத் தின்றார், ஆனால் தட்டின் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு பிடி சோறு ஒதுங்கியிருந்தது. அதைத் தொடவில்லை. பரிமாறுகிறவர் தட்டை மாற்றியபோது அந்தப் பிடியை மட்டும் கரண்டியால் அலுங்காமல் எடுத்துப் புதுத் தட்டின் ஓரத்தில் வைத்தார். செண்பகவல்லி பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். அதிலும் ஒரு பிடி. அதற்கடுத்த மேஜையைப் பார்த்தாள். கூடம் முழுக்க நடந்து பார்த்தாள். அறுநூறு தட்டிலும், ஓரத்தில், ஒரு பிடி சோறு இருந்தது.

திரும்பி வந்து குனிந்து கேட்டாள். “இது எதுக்கு?”

சங்கரபாண்டியன் கொஞ்சம் கூச்சப்பட்டார். “மோருக்கு.”

“மோருக்கா?”

“மோர் ஊத்திச் சாப்பிடாம எப்படி எந்திரிக்க?”

“எட்டு வருஷமா... வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?”

“பந்தியில போயி கேட்டு வாங்கவா? அசிங்கமில்ல? கொண்டுவருவாங்கன்னு இருந்தோம்.”

அந்த மேஜையில் இருந்த மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். செண்பகவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் இரண்டையும் முடித்துவிட்டு வந்து, படிவத்தை எடுத்தாள். தேவைப்படும் உணவு: மோர். எத்தனை பேருக்கு: அறுநூறு. காரணம் என்ற இடத்தில், ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று எழுதி ரொட்ரிகோவிடம் நீட்டினாள்.

ரொட்ரிகோ கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “நம்ம பட்டியல்ல நாப்பத்திரண்டு அயிட்டம் இருக்கும்மா. மோர் இல்ல. ஆனா நீங்க புதுசா ஏறினவங்க, கேட்டா குடுத்துத்தான் ஆகணும். பால் எவ்வளவு வேணாலும் இருக்கு. உறைக்குத்தான் ஒரு சொட்டுத் தயிர் கிடையாது.”

செண்பகவல்லி அறைக்குப் போய்த் தூக்குவாளியைக் கொண்டுவந்து திறந்தாள். அடியில் ஒட்டியிருந்த தயிர்சாதம் மூன்று நாளில் நன்றாகப் புளித்து, மூடியைத் திறந்ததும் ரொட்ரிகோவின் கழுத்து டையைத் தளர்த்தியது. “போதும்” என்றார் அவர்.

அவ்வளவு பாலுக்கு ஏற்ற பாத்திரம் கப்பலில் ஒன்றுதான் இருந்தது. நான்காம் நாள் காலை எட்டாம் தளத்து நீச்சல் குளத்தைத் தேய்த்துக் கழுவி, வெதுவெதுப்பான பாலை நிரப்பினார்கள். செண்பகவல்லி உறையை ஊற்றி, உயிர்காக்கும் படகின் துடுப்பால் ஒரு சுற்றுச் சுற்றினாள். உறை ஊற்றிய பாத்திரத்தை அசைக்கக் கூடாது என்று அவள் சொன்னதால் கேப்டன் என்ஜினை நிறுத்தினார். தயிர் உறைந்துகொண்டிருக்கிறது, யாரும் ஓட வேண்டாம், தும்ம வேண்டியவர்கள் கீழ்த்தளத்துக்குப் போய்த் தும்மவும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். கடலும் ஒத்துழைத்தது. வங்கக் கடலில் அன்று காலை ஓர் அலைகூட எழவில்லை.

அவள் குளத்தங்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சென்னை. அதற்குள் உறையாவிட்டால் அவள் மட்டும் இறங்க வேண்டியதுதான். ஒன்பது மணிக்கு விரலை வைத்துப் பார்த்தாள், தண்ணீராக இருந்தது. பத்து மணிக்கும் அப்படித்தான். பதினொன்றரைக்கு வைத்தாள். விரல் இறங்கவில்லை. குளம் முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, வெள்ளை வெளேரென்று கட்டித் தயிர். அவளுடைய கடையில் இருந்த முப்பது வெள்ளையிலும் அந்த வெள்ளை இல்லை.

துடுப்பு எட்டு பேர் கைக்குப் போயிற்று. கடைந்தார்கள். உப்பும் இஞ்சியும் போட்டார்கள். பெருங்காயம் கிடைக்கவில்லை. அந்தக் குறை அவளுக்கு இன்றும் உண்டு.

சரியாகப் பன்னிரண்டரைக்குக் கூடத்தின் இரண்டு கதவும் திறந்தன. வெள்ளைச் சட்டைக்காரர்கள் வாளியும் கரண்டியுமாக வரிசையாக நுழைந்தார்கள். முன்னால் ரொட்ரிகோ. “மோர்... மோர்... மோர்...” என்று அவர் குரல் கொடுத்தபோது, எட்டு வருடத்தில் முதல்தடவையாக அறுநூறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அறுநூறு கைகள் ஓரத்துச் சோற்றில் குழி பறித்தன. மோர் விழுந்தது. உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர்கள் தட்டுகளைத் தங்கள் பக்கமாக மடித்தார்கள். பீங்கான் மடிந்தது. அறுநூறு ஏப்பமும் ஒன்றாக எழுந்தபோது கப்பலின் சங்கு பதிலுக்கு ஒரு தடவை ஊதியது.

எழுந்தார்கள். சங்கரபாண்டியனும் எழுந்தார். முழங்கால் இரண்டும் சடசடவென்று நெட்டி முறிந்தன. செண்பகவல்லியின் கைப்பை நாற்காலியில் விழுந்தது. கணக்குத் தப்பவில்லை. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வயதை நினைத்து ஒரே ஒரு தடவை குதித்தாள்.

“நீ உக்காந்து சாப்பிடு” என்றார் அவர். “உப்புமாவோட போகக் கூடாது.”

கை கழுவிவிட்டு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். இரண்டாம் பந்தி உட்கார்ந்தது. சூப்பிலிருந்து காப்பி வரை நாற்பது நிமிடம். மோருக்கு யாரும் காத்திருக்கவில்லை. வாய்விட்டுக் கேட்டார்கள், வந்தது, எழுந்தார்கள். சங்கரபாண்டியன் தொண்டையைச் செரும வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

எல்லோரும் எழுந்த பிறகு கடலும் எழுந்தது. பந்தி நடுவில் எழுவது மரியாதை இல்லை என்று அதுவும் இத்தனை வருடம் பொறுத்திருந்தது. இப்போது தண்ணீரையெல்லாம் சுருட்டிக்கொண்டு கிழக்குப் பக்கம் கை கழுவப் போய்விட்டது. கப்பல் ஈர மணலில் நிமிர்ந்து நின்றது. கரை மேற்கே ஆறு மணி நேர நடை, பெட்டிகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளவும் என்று கேப்டன் அறிவித்தார்.

ஏணி இறங்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். கீழே மீன்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அவையும் புதிதாக ஏறுகிறவை, கையில் மூன்றாம் பந்திச் சீட்டு. இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டன. வரிசையில் முதலில் நின்ற ஒரு வஞ்சிரம் பட்டுச்சேலையில் இருந்தது, கொஞ்சம் தயங்குவது போலத் தெரிந்தது. செண்பகவல்லி அதன் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

“தைரியமாப் போம்மா” என்றாள். “எல்லாம் அவங்களே வைப்பாங்க. மோரை மட்டும் கூச்சப்படாம கேட்டு வாங்கிக்கோ.”

வஞ்சிரம் தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறியது. செண்பகவல்லி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தாள்.