147-ஆம் எண் பூட்டு

பெட்டி அடுக்குவது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. கண்ணாடிச் சாமான் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளராக இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அதனால் எங்கள் குடும்பம் கப்பலில் ஐந்து நாள் உல்லாசப் பயணம் போகிறது என்று முடிவானதும், யாரும் கேட்காமலே பெட்டிப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றால் இந்த வீட்டில் ஒரு வேலையும் நடக்காது.

பயணத்தை ஏற்பாடு செய்தது அண்ணன் மகன். நெட்டை என்றுதான் கூப்பிடுவோம், கதவு நிலையில் தலை இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. அவன் வேலைக்குப் போய் இரண்டு வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் அவன் அப்பாவுக்காக. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர் என் அண்ணன். துறைமுகத்தைத் தாண்டிப் போகும் தடம் அவருடையது. ஒவ்வொரு நாளும் கப்பல் கிளம்புவதைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு, "ஒரு நாளாவது மேல நின்னு கரையப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஓய்வும் பெற்றுவிட்டார். பிறகு புராஸ்டேட் ஆபரேஷன். அதற்கப்புறம் ஏழு மாதம் வாசற்படி தாண்டவில்லை. உடம்பு தேறிவிட்டது, மனசுதான் சோம்பிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். "நீங்க வரலைன்னா யாரும் போகல" என்று நான் போட்ட போட்டில்தான் தலையாட்டினார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். கூடத்துத் தரையில் ஐந்து பெட்டிகள், அதில் நான்கு வாயைப் பிளந்து கிடந்தன. நான் சட்டங்களை அறிவித்தேன்.

"கவனமாக் கேளுங்க. பெரிய பெட்டியெல்லாம் துறைமுகத்துலயே வாங்கிப்பாங்க. ரூமுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகும். அதனால மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு செட் மாத்துத் துணி கைப்பையில. இஸ்திரிப் பெட்டி கூடாது, கப்பல்ல பிடுங்கிடுவாங்க. ரூம் சுவர் இரும்பு, காந்தக் கொக்கி நாலு வாங்கியிருக்கேன், தொப்பி மாட்டலாம். துண்டு ஒண்ணுகூட வேண்டாம், அவங்களே தருவாங்க."

"மூச்சு விடலாமா பேக்கிங் மேடம்?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். இஸ்திரிப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தது அவர்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் துணியை ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. எல்லோர் துணியையும் எல்லாப் பெட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வைக்க வேண்டும். ஒரு பெட்டி தொலைந்தாலும் யாரும் கட்டிய துணியோடு நிற்க மாட்டார்கள். எங்கள் தொழிலிலும் அப்படித்தான், ஒரே பெட்டியில் முழு ஆர்டரையும் அனுப்ப மாட்டோம்.

ஆளுக்கொரு பட்டியலும் போட்டுக் குடும்பத்தின் போன் குழுவில் அனுப்பியிருந்தேன். அண்ணன் பெயருக்கு நேரே சட்டை ஆறு, ஜட்டி எட்டு, சர்க்கரை மாத்திரை, மலச்சிக்கல் பொடி. மலச்சிக்கல் பொடிக்கு நெட்டை பத்து சிரிப்புப் படம் போட்டான். என் ஒன்பது வயது மகள் வாலு அதை வீடெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டு திரிந்தாள். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பெட்டி மட்டும் ஏற்கெனவே பூட்டியிருந்தது. மூன்று எண் வைத்துத் திருகும் பூட்டு.

"என் பெட்டிய மட்டும் தொடாத. நானே அடுக்கிட்டேன்" என்றார்.

"கலந்து வைக்கணும்ணா."

"வேண்டாம்னா வேண்டாம்."

சொல்லிவிட்டு முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பினார். அண்ணி வாலுவுக்குச் செருப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். எனக்கோ கை துறுதுறு என்றது. நான்கு பெட்டி ஒழுங்காக இருந்து ஐந்தாவது ஒழுங்கில்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பூட்டைக் கையில் எடுத்தேன். என் அண்ணன் என்ன எண் வைப்பார் என்று எனக்குத் தெரியாதா? அவர் ஓட்டிய தடம் 147. திருகினேன். திறந்துகொண்டது.

உள்ளே பார்த்தால் எரிச்சல்தான் வந்தது. மூன்று பெரிய குளியல் துண்டுகள், ஒவ்வொன்றும் தலையணைப் பருமனுக்குச் சுருட்டி, நாடா போட்டுக் கட்டியிருந்தது. பாதிப் பெட்டியை அவையே அடைத்துக்கொண்டிருந்தன. படித்துப் படித்துச் சொன்னேனே, துண்டு வேண்டாம் என்று! மூன்றையும் தூக்கி என் பீரோவின் அடித்தட்டில் திணித்தேன். சட்டை, பேண்ட், ஜட்டி எல்லாவற்றையும் பிரித்து மற்ற நான்கு பெட்டிகளிலும் வைத்தேன். காலியான இடத்தில் வாலுவின் மழைக்கோட்டு, என் செருப்பு, தொப்பிகள். தூக்கினால் எடை மாறியது தெரியக் கூடாதென்று எங்கள் வீட்டுக்காரரின் தடித்த ஜாக்கெட்டையும் போட்டு, பழையபடி பூட்டினேன். கப்பலில் போய்த் திறந்து பார்த்து, நன்றாகத்தான் செய்திருக்கிறாள் என்று சொல்வார் என நினைத்தேன். அப்படி ஒரு நினைப்பு எனக்கு.

மறுநாள் துறைமுகத்தில் மூன்று மணி நேரம் வரிசை. அண்ணன் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தார். இரண்டாம் முறை போகும்போது அண்ணி தன் கைப்பையையும் அவரிடம் கொடுத்தார். ஆண்பிள்ளை கழிப்பறைக்குப் பெண்கள் கைப்பையோடு போகிறாரே என்று கேலி செய்ய வாயெடுத்தேன். அதற்குள் வாலு எங்கோ ஓட, அவளைத் துரத்தினேன்.

கப்பலில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில் அண்ணனும் அண்ணியும். இன்னொன்றில் நாங்கள் மூவரும், மேல் படுக்கையில் கால் வெளியே நீட்டியபடி நெட்டையும். நாலரை மணிக்குப் பெட்டிகள் வந்தன. கப்பல் கிளம்புவது ஐந்தரைக்கு. அண்ணனும் அண்ணியும் பின்னால் வருவதாகச் சொல்ல, நாங்கள் நால்வரும் மேல்தளத்துக்குப் போய்க் கம்பி ஓரமாக இடம் பிடித்தோம். அண்ணனுக்கு நடுவில் ஒரு இடம் விட்டு, அதில் நெட்டை தன் தொப்பியை வைத்தான்.

ஐந்து மணி ஆனது. அண்ணனைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை.

"அப்பாவுக்கு வர இஷ்டமில்லையோ என்னவோ அத்தை. நான்தான் கட்டாயப்படுத்திட்டேன்" என்றான் நெட்டை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இரண்டு வருடம் அந்தப் பிள்ளை ஒரு நல்ல செருப்பு வாங்கவில்லை. படிக்கட்டில் தடதடவென்று இறங்கிப் போய் அவர்கள் அறைக் கதவைத் தட்டினேன்.

அண்ணி திறந்தார். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தரையில் அண்ணனின் பெட்டி திறந்து கிடந்தது. வாலுவின் மஞ்சள் மழைக்கோட்டு வெளியே இழுபட்டிருந்தது.

"அண்ணா, என்ன அழிச்சாட்டியம் இது?" என்று குளியலறைக் கதவைப் பார்த்துக் கத்தினேன். "பெட்டிய மாத்தி அடுக்கினதுக்கா இவ்வளவு கோபம்? அந்தப் பிள்ள மேல ஒத்தையா நின்னு வழியப் பாத்துட்டு இருக்கான். பெத்த பிள்ள ஆசைய விட உங்க வீம்பு பெருசாப் போச்சா?"

அண்ணி என் கையைப் பிடித்து வெளியே நடைபாதைக்கு இழுத்து வந்தார்.

"அந்தத் துண்டெல்லாம் எங்கம்மா?"

"வீட்ல, என் பீரோவுல. துண்டுதானே அண்ணி..."

"அதுக்குள்ள அவர் போட்டுக்கிறது இருந்துச்சு." அண்ணி குரல் உடைந்தது. "ஆபரேஷனுக்கு அப்புறம் அடக்க முடியல. பெரியவங்க போட்டுக்கிற டயாப்பர் இல்லாம அரை மணி நேரம் தாங்க மாட்டார். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கைப்பையில ஒண்ணுதான் இருந்துச்சு, அதுவும் மாத்துத் துணியும் வரிசையில நின்னப்பவே தீந்துபோச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எதையாவது துணியில் சுற்றியிருந்தால் உள்ளே உடையும் பொருள் இருக்கும் என்பது என் தொழிலின் முதல் பாடம். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன். மூன்று சுருளைக் கையில் தூக்கியும் எனக்கு அது உறைக்கவில்லையே! தொடாதே என்று வாய்விட்டுச் சொன்னாரே!

கீழ்த்தளத்தில் மருத்துவ அறை இருந்தது. அரக்கப் பரக்க ஓடினேன். கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியேறிய பிறகே திறக்கப்படும் என்று பலகை தொங்கியது. கடைகளிலும் அதே பலகை. மணி ஐந்தே கால். அழுகை வந்தது. அழுதால் ஆகிற வேலையா? என் அறைக்கு ஓடி, கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தேன்.

நாற்பத்தேழு வயதில் எனக்கு மாதக் கணக்கு தாறுமாறாகிவிட்டது. எப்போது வரும் என்று தெரியாததால் கைப்பையில் எப்போதும் ஒரு பாக்கெட் நாப்கின் இருக்கும், இரவுக்கு உபயோகிக்கும் நீளமான வகை. நான்கை எடுத்தேன். அண்ணனின் ஜட்டி என் பெட்டியில் இடது மூலையில், கறுப்பு பேண்ட் நெட்டையின் பெட்டியில் இரண்டாவது அடுக்கில். என் அடுக்கல் எனக்கு மறக்குமா? எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் அந்தக் குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"அண்ணா, நான்தான். கதவ முழுசாத் திறக்க வேண்டாம். கைய மட்டும் நீட்டுங்க."

கதவோடு இன்னும் நெருங்கி நின்றேன்.

"அண்ணி எல்லாம் சொல்லிட்டாங்க. தப்பு என்மேல. என்னை அப்புறமா எவ்வளவு வேணாலும் திட்டுங்க. இது பொம்பளைங்க சமாச்சாரம்தான், ஆனா நல்லாத் தாங்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு."

இந்த அண்ணன் கண்ணில் படக் கூடாதென்று சின்ன வயதில் செய்தித்தாளில் சுற்றிச் சுற்றி ஒளித்து வைத்த பொருள் அது. சாத்திய கதவுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. ஒரு கை வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"இத எப்படி வைக்கிறது?"

அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒட்டுற பக்கம் கீழ. துணியோட ஒட்டணும்" என்றேன். "ரெண்டு சேத்து வைங்க, முன்னால தள்ளி."

"கீழயா?"

"கீழதாங்க!" என்றார் அண்ணி. கண்ணில் தண்ணீரோடு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. உள்ளேயும் ஒரு செருமல் கேட்டது. அது சிரிப்புதான், எனக்கு என் அண்ணனைத் தெரியும்.

நாங்கள் மேல்தளத்துக்குப் போகவும் கப்பல் ஊதவும் சரியாக இருந்தது. நெட்டை தொப்பியை எடுத்துவிட்டு இடம் விட்டான்.

"ஏம்பா இவ்வளவு நேரம்?"

"என்னாலதான்டா" என்று நான் முந்திக்கொண்டேன். "அவர் பெட்டியத் திறந்து எல்லாத்தையும் கலைச்சு வெச்சுட்டேன். போட்டுக்கத் துணி இல்லாம நின்னாரு."

"அதானே பாத்தேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர், இஸ்திரிப் பெட்டி ஞாபகத்தில்.

கயிறுகள் அவிழ்ந்தன. கரை மெல்ல நகர்ந்தது. அண்ணன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஸ்டியரிங் பிடிப்பதைப் போலவே. "ரிவர்ஸ் எடுக்கிறான் பாரு" என்றார். "பின்னால ஒரு ஆள் நின்னு குரல் குடுக்கல, ஒண்ணும் இல்ல. இவ்வளவு பெரிய வண்டிய என்னமா ஒடிக்கிறான்!" தூரத்தில் கரையோரச் சாலையில் ஒரு பஸ் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தான்.

மற்றவர்கள் அந்தப் பக்கம் போனபோது நான் அவர் அருகில் போனேன்.

"ஏண்ணா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? நான் என்ன அந்நியமா?"

"சொன்னா நீ பட்டியல்ல எழுதிடுவ" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. எழுதியிருப்பேன். அவர் பெயருக்கு நேரே, எண்ணிக்கையும் போட்டு, குழுவில் அனுப்பியிருப்பேன்.

மருத்துவ அறை திறந்ததும் அண்ணி போய் நான்கு டயாப்பர் வாங்கி வந்தார். அவ்வளவுதான் இருந்ததாம். மறுநாள் காலை கப்பல் ஒரு சின்னத் துறைமுகத்தில் நின்றது. நான் முதல் ஆளாக இறங்கி மருந்துக் கடை தேடிப் போய் இரண்டு பெரிய பாக்கெட் வாங்கினேன். கறுப்புப் பை கேட்டேன், இல்லை என்றான். வெளியே வந்தால் எதிரே அண்ணன், அண்ணி, நெட்டை மூவரும் நின்றார்கள். ஒளிக்கவா முடியும்? தலையணைப் பருமனில் இரண்டு, படத்தோடு.

நெட்டை குனிந்து பார்த்தான். "அத்தை, இது... யாருக்கு?"

"எனக்குத்தான்டா" என்றேன். "வயசாகுதில்ல? தும்மினாப் போதும், அவ்வளவுதான். போய்க் குழுவுல போடு, சிரிப்புப் படம் பத்துப் போடு."

அவன் சிரிக்கவில்லை, சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்தான். அண்ணி என் தோளைத் தொட்டார். அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார்.

"அவளுக்கு இல்லடா" என்றார். "எனக்கு."

நெட்டை அப்பாவையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தான். முந்தைய நாளும் அதற்கு முந்தைய ஏழு மாதமும் அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். என்னிடமிருந்து இரண்டு பாக்கெட்டையும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"எந்தப் பெட்டியிலப்பா வைக்கணும்?"

"உங்க அத்தையக் கேளு" என்றார் அண்ணன்.

"உங்கப்பா பெட்டியிலடா" என்றேன். "எல்லாத்தையும் அந்த ஒரே பெட்டியில வை."