சிவப்புப் பட்டைகள்

மாலை வகுப்பின் எடிட்டிங் தேர்வு. அவள் கோப்பைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பு. 'கோப்பு கிடைக்கவில்லை' என்று ஒவ்வொரு படத்துண்டின் பட்டை மேலும் எழுதியிருந்தது.

பென்டிரைவில் அவள் கொண்டுவந்தது எங்கெங்கே வெட்டினோம் என்ற குறிப்புக் கோப்பை மட்டும்தான். எடுத்த படமெல்லாம் வீட்டில் அண்ணன் கம்ப்யூட்டரில் கிடந்தது. எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிறவள். வகுப்பில் பெயரே 'பட்டியல்'. இன்றைய பட்டியலில் பென்டிரைவுக்கு நேராக இரண்டு முறை டிக் அடித்திருந்தாள்.

"கூடு இருக்கு, குருவி எங்கம்மா?" என்றான், வகுப்பில் 'டமாரம்' என்று பெயர் வாங்கிய பின்வரிசைக்காரன். சிரிப்பு எழுந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"எவ்வளவு பெருசு?"

"நாப்பது ஜிபி."

"நம்ம வீட்டு நெட்டுலயா? விடிஞ்சதும் வரும். பரவாயில்லையா?"

வைத்துவிட்டாள். மதிப்பெண் பட்டியல் வகுப்பு முடிந்ததுமே அலுவலகத்துக்குப் போக வேண்டும். போன பருவத்தில் ஒருமுறை தவறிவிட்டாள். இன்னொரு முறை தவறினால் மாலை வகுப்பிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். 

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "படத்துக்கு நாப்பது மார்க். அது போச்சு. ஏன் வெட்டினேன்னு சொல்றதுக்கு அறுபது. பன்னிரண்டு இடம் கேப்பேன், ஒண்ணுக்கு அஞ்சு. பாஸுக்கு அம்பது வேணும். சொல்றியா?"

"படம் இல்லாமலா மேடம்?"

"வெட்டு தெரியுதே."

அவள் எடுத்திருந்தது, பகலில் தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக்கை. சிவப்புப் பட்டைகளில் ஆசிரியையின் பேனா முனை நின்ற இடமெல்லாம் அந்த மெக்கானிக்கின் முகம் அவளுக்குத் தெரிந்தது. "இங்க அவர் ஸ்பேனரைத் தேடறாரு. கை பைக்குள்ள போனதும் வெட்டினேன், தேடறது போரடிக்கும்." ஐந்து. "இங்க கதவுச் சத்தம் முதல்ல, கதவு அப்புறம்." ஐந்து. நான்காவதில் நாக்கு புரளவில்லை. ஏழாவதில் உளறினாள். மற்றதெல்லாம் தேறியது.

பதினொன்று முடிந்தபோது நாற்பத்தைந்து.

பேனா கடைசிப் பட்டையில் நின்றது. மற்றதெல்லாம் விரல்நகம் அளவு. இது மட்டும் உள்ளங்கை நீளம்.

"இதை ஏன் ஆறு செகண்ட் விட்ட?"

'உணர்வுக்காக மேடம்' என்று சொன்னால் போதும். முன்னால் வந்த மூன்று பேரும் அதைத்தான் சொல்லித் தப்பித்தார்கள். வார்த்தை தொண்டை வரை வந்தது.

"வெட்ட பயமா இருந்துச்சு."

டமாரம் தலையில் கைவைத்தான்.

"எதுக்குப் பயம்?"

"லிஃப்ட்ல மாட்டினவங்க என்ன பேசுவாங்கன்னு கேட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. சொல்லல. அந்த இடத்துல வெட்டினா நானே அவர் வாயைப் பொத்தின மாதிரி ஆயிடும். ரெண்டு தடவை வெட்டிட்டு ரெண்டு தடவையும் திரும்பச் சேத்துட்டேன்."

ஆசிரியை அந்தச் சிவப்புப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"அதைக் காரணம்னு சொல்லத் தெரியலையா உனக்கு?" என்றார். ஐந்து போட்டார். கீழே ஐம்பது என்று எழுதி வட்டமிட்டார்.

அவள் நகரவில்லை. மதிப்பெண் தாளிலிருந்த பன்னிரண்டு கட்டங்களையும் விரல் வைத்து எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"அட, கூட்டல் சரிதாம்மா," என்றார் ஆசிரியை. "எந்திரி. அடுத்தவன் உக்காரட்டும்."