மனிதச் சரிபார்ப்பு: ரோஸ்லின்

திரையின் கடைசி வரியில் தன் பெயரைப் பார்த்ததும் ரோஸ்லினுக்குக் காது இரண்டும் சூடேறின. 'மனிதச் சரிபார்ப்பு: ரோஸ்லின். முடிவு: மூடலாம்.' அந்தப் புகாரை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

தோட்டத்து மோட்டாரை செல்போனில் ஓட்டவும் நிறுத்தவும் ஆப் செய்து விற்கும் அல்லிநகரத்துக் கம்பெனி அது. ஆப்பில் நிறுத்திய மோட்டார், மும்முனைக் கரண்ட் வந்ததும் தானாக ஓடுகிறது என்பது புகார். கம்பத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் ஒச்சாண்டி, டைப் அடிக்கத் தெரியாத பன்னிரண்டு விவசாயிகளுக்காகத் தன் போனிலிருந்தே பன்னிரண்டு தடவை அனுப்பியிருந்தார். ஒரே நம்பர், ஒரே வாசகம். புகார்களைப் பிரித்து ஆளுக்கு ஒதுக்கவென்று சென்ற மாதம் வந்த மென்பொருள், ஒரே ஆளின் நச்சரிப்பு என்று பதினொன்றை மூடிவிட்டு, மிச்சம் ஒன்றை 'அவசரமில்லை'யில் தள்ளியிருந்தது. அதற்கு முன்பு ரோஸ்லின்தான் பிரிப்பாள். ஒச்சாண்டி நம்பர் என்றால், எத்தனை தோட்டம் என்று போன் போட்டுக் கேட்ட பிறகுதான் மறுவேலை.

இன்று காலை, மூடிய புகார்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரரான ஈஸ்வரபாண்டியின் இரண்டு விரல்களை, தானாக ஓடிய போர்வெல் கம்ப்ரசர் மோட்டாரின் பெல்ட் கொண்டுபோய்விட்டது.

மேனேஜர் வின்சென்ட்டின் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

"நான் பாக்காததுக்கு எம் பேரு எப்பிடி சார் வந்துச்சு?"

"மனுசரும் ஒரு தடவ பாக்கணும்னு டீலருக கேட்டாக. மிஷினு தொண்ணூறு பர்சன்ட் உறுதியா இருந்தா உம் பேரு தானா விழுந்துரும். எல்லாத்தையும் நீ படிச்சா வேல ஓடுமா?"

"உங்க பேர விழ வைக்க வேண்டியதுதான?"

வின்சென்ட் குரலை இறக்கினார். "பாத்தேன், கவனக்குறைவுன்னு ஒரு மெயில் போட்டுரும்மா. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"விரலு போன ஆளு ஆஸ்பத்திரியில கெடக்காரு. பாத்தேன்னு நான் எழுதணும்?"

மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்கு மறுபடி மும்முனை வரும். ரோஸ்லின் விடுவிடுவென்று இருக்கைக்கு வந்து பன்னிரண்டு புகார்களையும் திறந்தாள். அத்தனையையும் புரோகிராமர் ரூபன் பெயரில் போட்டாள்.

படித்ததும் ரூபன் அவள் பக்கம் திரும்பினான். "சரிபண்ணச் சாயங்காலம் ஆயிரும்க்கா."

அவள் ஒச்சாண்டியைக் கூப்பிட்டாள். "அண்ணே, மத்த பதினோரு பேரையும் ஃபியூஸப் பிடுங்கச் சொல்லுங்க. இப்பவே."

"போன மாசமே கூப்பிட்டுருக்கலாமே ஆத்தா," என்றார் ஒச்சாண்டி.

பத்து நிமிடத்தில் அவரே அழைத்தார். "பத்துப் பேரு பிடுங்கிட்டாக. தவசி மட்டும் போன எடுக்கல. புதுப் பெல்ட்டு மாட்டணும்னு காலையிலதான் வாங்கிட்டுப் போனான். தோட்டம் பக்கம்தான், வண்டிய எடுத்துட்டேன். லைன்லயே இரு."

போன் அவர் சட்டைப்பைக்குள் போயிருக்க வேண்டும். காற்றும் பைக் இரைச்சலும்தான் வந்தன. வின்சென்ட் வந்து மேசையருகே நின்றார்.

"மெயில் போட்டியா?"

ரோஸ்லின் அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தாள். பைக் நின்றது. சருகு மிதிபட்டது. "தவசி... ஏலே தவசி" என்று ஒச்சாண்டி கத்திக்கொண்டே ஓடினார்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது; கரண்ட் அதற்குக் காத்திருக்கவில்லை. ஒச்சாண்டியின் மூச்சிரைப்புக்கு அப்பால், முதலில் ஒரு முனகலாக, பிறகு வேகம் பிடித்து, ஒரு மோட்டார் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.