விடுவி என்றால் என்ன?

கடாவுத் தீவின் பெண்கள் சங்கம் தலைநகர் சுவாவுக்கு அனுப்ப வைத்திருந்த மீன் முழுவதும் அங்கேயே படகுத்துறையில் நாறிப்போனது. கப்பல் வந்தது, ஆனால் அதன் குளிரறையில் அவர்களுக்கென்று பதிந்திருந்த இடம் இல்லை. கப்பல் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்ட் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தது.

நிறுவனத்தின் மேலாளர் ஜோனே, மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் யங்கோனா வேர்க்கட்டோடு தீவுக்குப் போய், பெண்கள் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வந்த வேகத்தில், ஏஜென்டைக் கவனித்துக்கொள்ளும் மகரேத்தாவைக் கூப்பிட்டார்.

"இந்த ஏஜென்டுக்கு மூளை பத்தல. இதைவிடப் பெரிய மாடலா வாங்கிடலாம்."

"வேண்டாம் ஜோனே. மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாம அதுக்குச் சொல்லி வெச்சிருக்கற லட்சணம்தான் சரியில்ல."

மகரேத்தா அந்த வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆனாலும் அடித்துப் பேசினாள். தீவுக்காரர்கள் அனுப்பும் செய்தியை ஏஜென்ட் படிக்கும். படித்துவிட்டு, தன்னிடம் உள்ள கருவிகளில் பொருத்தமான ஒன்றை இயக்கும். எந்தக் கருவி எதற்கு என்பது, அதன் விளக்கத்தில் எழுதியிருப்பதை வைத்துத்தான் அதற்குத் தெரியும். மென்பொருளை விற்றவர்கள் எழுதிவிட்டுப் போன விளக்கங்களை அவள் திறந்து காட்டினாள். 'விடுவி: சரக்கை விடுவிக்கும்.' 'முடி: சரக்கு வேலையை முடிக்கும்.' அவ்வளவுதான்.

சங்கத் தலைவி லவேனியா அனுப்பிய செய்தியோ இது: 'சுவா வந்ததும் எங்க மீனை ஹோட்டல்காரங்ககிட்ட விட்டுடுங்க.'

மகரேத்தா துறைமுகத்துக்குப் போனாள். சரக்கேற்றும் வேலையைக் கவனிக்கும் செமிசி அவளுடைய அத்தை மகன். மரவள்ளிக்கிழங்கும் மீனுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் செய்தியையும் இரண்டு விளக்கங்களையும் படித்துக் காட்டினாள்.

"நீயா இருந்தா எதை அமுக்குவ?"

"இதுல என்ன யோசனை? விடுவிதான்."

"அது குளிரறை இடத்தை விட்டுக்கொடுக்கற கருவி."

"அடிப்பாவி! அதை எழுதித் தொலைச்சா என்ன?"

"உனக்கும் பெரிய மூளையா வாங்கச் சொல்றேன் மச்சான்."

"முதல்ல உங்க ஆத்தாவுக்கு வாங்கு. உன்னைப் பெத்ததுலயே தெரியுது."

அவள் அவன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துக்கொண்டு அலுவலகம் திரும்பினாள். வேலை என்னவென்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. பெயரிலிருந்தே தொடங்கினாள். சரக்கை உரியவரிடம் கொடுக்கும் 'முடி' போய் 'ஒப்படை' ஆனது. 'விடுவி'யை அழித்துவிட்டு எழுதினாள்:

'இடத்தைக் கைவிடு: கப்பலில் பதிந்த இடத்தை அடியோடு விட்டுவிடும். சரக்கே அனுப்பவில்லை என்று அனுப்புபவர் சொன்னால் மட்டும் பயன்படுத்து. சரக்கை ஒருவரிடம் கொடுக்கச் சொன்னால் இது அல்ல, ஒப்படை கருவி. அடுத்த கப்பலில் ஏற்றச் சொன்னால் மாற்று கருவி. கைவிட்ட இடம் திரும்பக் கிடைக்காது.'

ஜோனே எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கதையே எழுதற?"

"வேலைக்குப் புதுசா ஒருத்தர் வந்தா இவ்வளவும் சொல்லித்தானே உக்கார வைப்பீங்க?"

பழைய செய்திகளை ஏஜென்டிடம் ஓட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் சரியான கருவியையே எடுத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு விளக்கத்தின் கடைசியிலும் 'செய்வதற்கு முன் அனுப்புபவரிடம் கேள்' என்று சேர்த்தாள். அங்கேதான் சறுக்கியது.

மறுநாளே லவேனியா போனில் கத்தினார். "பொண்ணே, கப்பல் எப்ப வரும்னு கேட்டா, 'நேரத்தைப் பார்க்கட்டுமா'ன்னு கேக்குது. பெட்டியை எண்ணட்டுமாங்குது. நான் சாப்பிட்டேனான்னு மட்டும்தான் கேக்கல!"

மகரேத்தாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க அம்மா. அது என் தப்பு. இன்னைக்கே சரி பண்றேன்." சும்மா பார்த்துச் சொல்லும் கருவிகளுக்குக் கேள்வி எதற்கு? செய்தால் மீள முடியாதவற்றில் மட்டும் அந்த வரியை விட்டுவைத்து, மற்ற இடங்களில் எடுத்துப் போட்டாள்.

அந்த வாரமே புயல் எச்சரிக்கை வந்தது. தீவுகளிலிருந்து செய்திகள் குவிந்தன. ஜோனே நாற்காலியை இழுத்துப்போட்டு அவளருகே உட்கார்ந்து நகத்தைக் கடித்தார். லவேனியாவின் செய்தி வந்தது: 'இந்தக் கப்பல் வேண்டாம். விட்டுடுங்க. காத்து அடங்கினதும் அனுப்பறோம்.'

"போச்சு. மறுபடியும் விட்டுடுங்கன்னு எழுதறாங்களே!"

"பேசாம பாருங்க."

ஏஜென்ட் 'மாற்று' கருவியை எடுத்தது. அடுத்த கப்பலின் குளிரறையில் இடம் போட்டது. பிறகு பதில் எழுதியது: 'இந்தக் கப்பலில் உங்கள் சரக்கு ஏறாது. அடுத்ததில் இடம் வைத்திருக்கிறோம். வேண்டாமென்றால் சொல்லுங்கள்.'

'நல்லது. வைங்க' என்று லவேனியா பதில் அனுப்பினார்.

ஜோனே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பெரிய மாடல் பேச்சை அதன்பிறகு எடுக்கவேயில்லை.

காற்று அடங்கி, மீன் கல்லுப்போல உறைந்து சுவாவில் வந்திறங்கிய அன்று, செமிசி அலுவலக வாசலில் நின்று கத்தினான். "ஏய், உன் மிஷின் ஒழுங்கா வேலை செய்யுது. பாத்து, உன்னை வீட்டுக்கு அனுப்பிடப் போறாங்க!"

"எழுத இன்னும் நிறைய கருவி இருக்கு மச்சான். அதுக்குள்ள நீ மீனை இறக்கி முடி" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.